ஊசித் தழும்பும் செங்கல்பட்டும்

போன வாரம் தங்கச்சி பதறிப்போய் போன் செய்தாள். குழந்தைக்கு ஒன்றரை மாதம். பிறந்தவுடன் இடது தோளில் ஊசி போட்ட இடத்தில் பயறு அளவுக்கு ஒரு கொப்புளம், நுனியில் மஞ்சளாகச் சீழ். அது டி.பி.க்கு, அதாவது காசநோய்க்கு எதிராகப் போடும் பி.சி.ஜி. ஊசி, அப்படித்தான் வரும், எதையும் தடவாதே, பிதுக்காதே, தானே காய்ந்து தழும்பாகிவிடும் என்றேன். "அப்போ இவனுக்கு டி.பி. வராதுல்ல?" என்று கேட்டாள் பாருங்கள், அங்கேதான் மாட்டிக்கொண்டேன்.

ஏனென்றால் இதே கேள்விக்குப் பதில் தேடி உலகத்திலேயே மிகப் பெரிய ஆய்வுகளில் ஒன்று எங்கள் பக்கத்தில்தான் நடந்தது. 1950களில் பிரிட்டனில் பள்ளிப் பிள்ளைகளுக்குப் போட்டுப் பார்த்தபோது இந்த ஊசி கிட்டத்தட்ட 80 சதவீதம் காப்பாற்றியது. அமெரிக்காவின் தென்மாநிலங்களில் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. எது சரி? சரி, ஒரே இடத்தில் பெரிதாகச் செய்து பார்த்துவிடலாம் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் உலக சுகாதார நிறுவனமும் 1968-இல் அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தைத் தேர்ந்தெடுத்தன. திருவள்ளூர் அப்போது அந்த மாவட்டத்தில்தான் இருந்தது. 2.5 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு ஊசி, சிலருக்கு பி.சி.ஜி., சிலருக்கு வெறும் கரைசல். யாருக்கு எது என்று போட்டவருக்கும் தெரியாது, போட்டுக்கொண்டவருக்கும் தெரியாது. அப்புறம் இரண்டரை வருடத்துக்கு ஒருமுறை எக்ஸ்ரே.

ஏழரை வருட முடிவு 1979-இல் வெளிவந்தது. பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் டி.பி.யை ஊசி தடுக்கவே இல்லை. 15 வருடம் பார்த்தபோதும் பெரியவர்கள் கதை மாறவில்லை.

ஏன் என்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி. நம் மண்ணிலும் தண்ணீரிலும் டி.பி. கிருமியின் பங்காளிகள் ஏராளம், அவ்வளவாகத் தீங்கு செய்யாதவை. தோலில் போட்டுப் பார்த்த சோதனையில் பெரியவர்களில் பெரும்பாலோரின் உடம்பு அவற்றோடு ஏற்கெனவே பழகியிருந்தது. பழகிய உடம்புக்கு ஊசி புதிதாக எதையும் கற்றுத்தரவில்லை, அல்லது ஊசியில் உள்ள, வலுவிழக்கச் செய்த கிருமியை வளரவே விடவில்லை என்பது ஒரு விளக்கம். முழுசாக நிரூபணமானது என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஆப்பிரிக்காவில் மலாவியின் கரோங்கா பகுதியிலும் இதே கூத்துதான்: அங்கே பி.சி.ஜி. தொழுநோயைத் தடுத்தது, நுரையீரல் டி.பி.யைத் தடுக்கவில்லை.

இதை வைத்து "பி.சி.ஜி. வேஸ்ட்" என்று வாட்ஸ்அப்பில் எழுதுகிறவர்களைப் பார்த்தால் எரிச்சல் வருகிறது. கைக்குழந்தைகளுக்கு வரும் டி.பி. மூளைக்காய்ச்சலை, உடம்பு முழுக்கப் பரவும் டி.பி.யை இது நன்றாகவே தடுக்கிறது, அதற்காகத்தான் பிறந்ததும் போடுகிறார்கள். தங்கச்சியிடம் இதைத்தான் சொன்னேன். பெரியவனான பிறகு இரண்டு வாரம் தாண்டி இருமினால் சளிப் பரிசோதனைக்குக் கூட்டிப் போ என்றும் சொன்னேன். "அது அப்போ பாத்துக்கலாம், இப்போ குளிப்பாட்டலாமா?" என்றாள். குளிப்பாட்டலாம்.

எங்கள் பாட்டிக்குத் திருவள்ளூர் பக்கம் ஒரு கிராமம். "படம் பிடிக்கிற வண்டி" வந்ததையும் வரிசையில் நின்று ஊசி போட்டுக்கொண்டதையும் அடிக்கடி சொல்லுவாள். அவள் கையில் தழும்பே கிடையாது. கரைசல் கோஷ்டியாக இருந்திருக்கலாம், போட்ட ஊசி தடம் விடாமலும் போயிருக்கலாம். டி.பி. மட்டும் கடைசி வரை வரவில்லை.