மணிக்கட்டுக்கு டிப்ஸ் கொடுப்பது எப்படி?

மூன்று மாதமாகக் காரின் பின்பக்கத்திலிருந்து ஒரு 'டொக்'. எப்போதும் வராது. வேகத்தடையில் ஏறி இறங்கும்போது, அதுவும் வண்டியில் நான் தனியாக இருக்கும்போதுதான் வரும். யாரையாவது உட்கார வைத்து "இப்பக் கேளு" என்றால் சாதுவாகிவிடும். சத்தம் வண்டியில் இல்லை, என் மண்டைக்குள்தான் என்று மனைவி தீர்ப்பே எழுதிவிட்டாள்.

சர்வீஸ் சென்டரில் இரண்டு முறை காட்டினேன். முதல் முறை ஓட்டிப் பார்த்துவிட்டு ஜாப் கார்டில் 'சத்தம் இல்லை' என்று எழுதி அனுப்பிவிட்டார்கள். இரண்டாம் முறை பின்பக்க ஷாக் அப்சார்பர் புஷ்ஷை மாற்றி, நீளமாக ஒரு பில்லும் போட்டார்கள். மேடு பள்ளத்தில் தட்டுகிறது என்றால் யாராக இருந்தாலும் முதலில் அங்கேதான் கை வைப்பார்கள், அதனால் அவர்களைக் குறை சொல்ல முடியாது. புது புஷ்ஷும் பழைய டொக்குமாக வீடு வந்து சேர்ந்தேன்.

மூன்றாவது முறை போனபோது ஒரு இளைஞரை என்னோடு அனுப்பினார்கள். அவர் செய்த முதல் காரியமே எனக்குப் பிடித்துப்போனது. "நீங்களே ஓட்டுங்க சார், தினமும் ஓட்டுற மாதிரி ஓட்டுங்க" என்று சொல்லிவிட்டுப் பின்சீட்டில் ஏறி, சீட்டின் முதுகில் காதை வைத்துக்கொண்டு படுத்துவிட்டார். மூன்றாவது வேகத்தடையில் டொக். எனக்கு வந்த சந்தோஷத்தை இங்கே எழுதினால் அசிங்கமாக இருக்கும்.

"நிறுத்துங்க சார்" என்று இறங்கி டிக்கியைத் திறந்தார். உள்ளே ஒரு குடை, காற்றுப்போன ஒரு பந்து, எந்தக் காலத்திலோ வாங்கிய பைகள். எல்லாவற்றையும் நகர்த்திவிட்டு அடியில் இருக்கும் பலகையைத் தூக்கினார். ஸ்டெப்னிக்குப் பக்கத்தில் ஜாக்கி. அதை அதன் இடத்தில் வெறுமனே வைத்தால் போதாதாம், திருகை லேசாகச் சுற்றி ஜாக்கியைக் கொஞ்சம் விரியவிட வேண்டும். அப்போதுதான் இரண்டு பக்கமும் இறுக்கமாக முட்டிக்கொண்டு ஆடாமல் நிற்கும். இரண்டே விரலால் அரைச் சுற்று சுற்றினார். பிடித்து ஆட்டிப் பார்த்தார். அசையவில்லை.

"இதைக் கடைசியா யார் சார் எடுத்தாங்க?"

மூன்று மாதத்துக்கு முன்னால் பஞ்சர் ஆனபோது, ஆள் கூப்பிட வேண்டாம் என்று வீராப்பாக நானே ஸ்டெப்னி மாட்டியது அப்போதுதான் ஞாபகம் வந்தது. "யாரோ எடுத்திருப்பாங்க" என்றேன். அவர் என் முகத்தை ஒரு நொடி பார்த்தார். சிரிக்கவில்லை. அப்படிச் சிரிக்காமல் இருந்ததற்கே தனியாக டிப்ஸ் கொடுக்கலாம்.

பில்லில் அந்த வேலைக்குப் பூஜ்யம் போட்டிருந்தார்கள். பூஜ்யத்தைப் பார்த்ததும்தான் மனசு உறுத்த ஆரம்பித்தது. ஏதாவது கொடுக்கணுமா, வேண்டாமா? மனைவிக்கு போன் போட்டேன். "ஆபரேஷன் பண்ண டாக்டருக்கு டிப்ஸ் குடுத்தீங்களா? அவங்க வேலையை அவங்க பண்ணாங்க, அவ்வளவுதான்" என்று வைத்துவிட்டாள். சத்தம் உண்மை என்று நிரூபணமானதில் அவளுக்கு வருத்தம் போல.

அடுத்து மச்சான். அவன் இந்தத் தொழிலில் கொஞ்ச நாள் இருந்தவன், கேட்டால் போதும், பாடமே எடுப்பான். "லேபர் சார்ஜ்னு போடுறாங்களே, அது முழுசா வேலை செஞ்சவனுக்குப் போகுதுன்னு நெனச்சீங்களா மாமா? கட்டட வாடகை, லிஃப்ட், ஸ்கேனர், கவுன்ட்டர்ல உக்காந்திருக்கவர் சம்பளம் எல்லாம் அதுலதான்" என்று ஆரம்பித்தான். பல இடங்களில் ஒவ்வொரு வேலைக்கும் இவ்வளவு நேரம் என்று கம்பெனி ஒரு கணக்கு வைத்திருக்கிறது, மெக்கானிக்குக்குக் காசோ ஊக்கத்தொகையோ அந்தக் கணக்குப்படிதான். ஒரு மணி நேர வேலையை முக்கால் மணியில் முடித்தால் அவருக்கு லாபம், இரண்டு மணி நேரம் இழுத்தால் நஷ்டம். ஆயில் மாற்றுவது, பிரேக் பேட் மாற்றுவது எல்லாம் கை பழகிய வேலை, கணக்குக்குள் அடங்கிவிடும். சத்தம் தேடுவதுதான் தலைவலி. தேடுகிற நேரத்துக்குக் கணக்கில் ஒழுங்காக இடமே இருக்காது, கடைசியில் மாற்ற ஒரு பார்ட்டும் இல்லையென்றால் பில்லும் இல்லை. "அதனாலதான் மாமா பாதிப் பேரு 'சத்தம் இல்லை'ன்னு எழுதிடுவான்" என்றான். என் முதல் ஜாப் கார்டு கண்முன் வந்து நின்றது.

சரி, எனக்குத் தோன்றியதைச் சொல்கிறேன். வழக்கமான சர்வீஸுக்கு டிப்ஸ் தேவையில்லை, கூலி பில்லிலேயே இருக்கிறது. வேலைக்கு முன்னாலேயே எதிர்பார்த்துச் சுற்றிச் சுற்றி வந்தால் அதற்கு டிப்ஸ் என்று பெயர் கிடையாது, வேறு பெயர். சர்வீஸ் அட்வைசருக்கும் வேண்டாம். நம்மிடம் இனிமையாகப் பேசுவது அவர்தான் என்பதால் கை தானாக அவர் பக்கம் போகும், ஆனால் என்ஜின் ஃபிளஷிங், ஏசி கிளீனிங் என்று அவர் நம் தலையில் கட்டும் எக்ஸ்ட்ராவிலேயே பெரும்பாலும் அவர் பங்கும் சேர்ந்திருக்கும். ஆனால் கணக்கில் வராத வேலையை ஒருத்தர் பொறுமையாகச் செய்து, மாற்றத் தேவையில்லாததை மாற்றாமல் விட்டால் கொடுக்கலாம், கொடுக்கணும்.

எப்படிக் கொடுப்பது என்பதைத்தான் யாரும் சொல்லித் தரவில்லை.

சுவரில் 'ஊழியர்களுக்கு டிப்ஸ் கொடுக்காதீர்கள்' என்று ஒரு போர்டு, அதற்கு நேர் மேலே கேமரா. அதனால் நோட்டை நாலாக மடித்து உள்ளங்கையில் ஒளித்து, கை குலுக்குகிற சாக்கில் மாற்றிவிடலாம் என்று திட்டம். அவர் வண்டிப் பக்கத்தில் நின்றிருந்தார். "ரொம்ப நன்றி தம்பி" என்று கையை நீட்டினேன். அவர் தன் உள்ளங்கையைப் பார்த்தார், முழுக்க கிரீஸ். உடனே விரல்களை மடக்கிக்கொண்டு மணிக்கட்டை நீட்டினார்.

மெக்கானிக் மணிக்கட்டை நீட்டுவது எவ்வளவு மரியாதையான விஷயம் என்று எனக்குத் தெரியும். ஆனால் மணிக்கட்டுக்குள் நோட்டை எப்படி வைப்பது? நானும் விடாமல் அவர் மணிக்கட்டைப் பிடித்து, நாடி பார்க்கிற வைத்தியர் மாதிரி கொஞ்ச நேரம் நின்றேன். ஸ்லீவுக்குள் தள்ளிவிடலாமா என்று ஒரு யோசனை, அதற்குள் நோட்டு நழுவித் தரையில் விழுந்தது. இருந்த ஒரே ஒரு ஆயில் சொட்டின் மேலேயே விழுந்தது. அட்வைசர் அந்தக் கோடியிலிருந்து "சார், காசு விழுந்துடுச்சு பாருங்க!" என்று கத்தினார். மொத்த ஷெட்டும் திரும்பியது. கேமராவும் திரும்பியிருக்கும், அது திரும்புகிற வகையாக இருந்தால்.

குனிந்து எடுத்துப் பையில் வைத்துக்கொண்டேன். வேறென்ன செய்ய?

அடுத்த திட்டம் பரவாயில்லை என்று நினைத்தேன். வண்டியை வாஷுக்கு அவர்தான் எடுத்துக்கொண்டு போவதாக இருந்தது. சாவியைக் கொடுக்கும் முன் ஆயில் கறையோடு நோட்டை கப் ஹோல்டரில் வைத்து, "உள்ள உங்களுக்கு ஒண்ணு இருக்கு, பாத்துக்கங்க" என்றேன், முடிந்த அளவு அர்த்தத்தோடு. அவர் "பாத்துக்கறேன் சார்" என்றார்.

முக்கால் மணி நேரம் கழித்து வண்டி வந்தது. கப் ஹோல்டரில் நோட்டு அப்படியே இருந்தது. இல்லை, அப்படியே இல்லை, கறையைத் துடைத்து நீவி வைத்திருந்தார். அதன் மேல் நாலு நாணயம், ஒரு தோட்டுத் திருகாணி. "சீட்டுக்கு அடியில வாக்குவம் போடும்போது கெடைச்சுது சார், பத்திரமா வெச்சிருக்கேன்." அந்தத் திருகாணியைப் போன வருஷம் முழுக்க வீட்டில் தேடியிருக்கிறோம். நான் கொடுக்கப் போய், கடன் இன்னும் ஏறிவிட்டது.

அதற்குள் அடுத்த வண்டிக்கு அவரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

மூன்றாம் நாள் அந்த போன் வந்தது. சர்வீஸ் எப்படி இருந்தது, பத்துக்கு எத்தனை மார்க்? இந்த மார்க் விவகாரத்தையும் மச்சான்தான் சொல்லியிருந்தான். 2003-ல் ஃப்ரெட் ரெய்க்ஹெல்ட் என்ற அமெரிக்கர் பரப்பிய கணக்கு, இன்று பல கம்பெனிகள் பிடித்துக்கொண்டு தொங்குகின்றன: 9, 10 போட்டால்தான் நாம் திருப்தியானவர்கள், 7, 8 ரெண்டுங்கெட்டான், 6-லிருந்து கீழே எல்லாம் குறை சொல்கிறவர்கள். பள்ளிக்கூடத்தில் பத்துக்கு எட்டு வாங்கிக்கொண்டு வந்தால் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடுவோம், இங்கே நாம் தாராளமாகக் கொடுக்கிற அதே எட்டு ஒருத்தருக்குப் பாட்டு வாங்கிக் கொடுக்கலாம்.

"பத்து!" என்றேன். "அந்தச் சத்தத்தைக் கண்டுபிடிச்ச தம்பிக்குத் தனியா ஒரு பாராட்டு எழுதிக்குங்க."

"தேங்க் யூ சார். டெக்னீஷியன் பேர் சொல்றீங்களா?"

ஒரு நாள் முழுக்க அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு நின்றவன், பெயரைக் கேட்கவில்லை. ஜாப் கார்டை எடுத்துப் பார்த்தேன். அட்வைசர் பெயர் கொட்டை எழுத்தில் இருந்தது. மெக்கானிக் என்ற இடத்தில் ஒரு எண் மட்டும், அதிலும் கிரீஸ் படிந்து 3-ஆ 8-ஆ என்று தெரியவில்லை.

"பேர் தெரியலைம்மா. கை குடுத்தா மணிக்கட்டை நீட்டுவாரே, அவர்."

அந்தப் பக்கம் டைப் அடிக்கிற சத்தம் கேட்டது.

"சரி சார், மணிக்கட்டுன்னு போட்டுட்டேன். வேற ஏதாவது இருக்கா?"