தடைக்காலம், ஒரு சாக்குப் பை, துரான்

ஏப்ரல் 16, புதன்

நேத்துல இருந்து மீன்பிடித் தடைக்காலம். போட்டெல்லாம் கரையில கட்டிக் கெடக்கு, 61 நாளைக்குத் தொழில் இல்ல. பகல்ல வலை பொத்துற வேலை இருக்கு, சாயங்காலம் சும்மா இருக்க வேண்டாம்னு மச்சானும் நானும் சவுக்குத் தோப்புல குத்துச்சண்டை பழக பேக் கட்டிட்டோம். சாக்குக்குள்ள கிழிஞ்ச வலைத்துண்ட இறுக்கி அடைச்சு நடுவுல கொஞ்சமா மணல். மணல மட்டும் போட்டா அடியில இறங்கி கல்லு மாதிரி ஆயிரும், மணிக்கட்டு போயிரும்.

மச்சான் 5 அடி 11, நான் 5 அடி 4. அவருக்குப் பிடிச்சது முகமது அலி, தள்ளி நின்னு ஜாப், அதாவது முன்னால இருக்கிற கையால நேர்குத்து, போட்டுக்கிட்டே சுத்தி வர்றவங்க. எனக்கு எப்பவும் உள்ள பூந்து அடிக்கிறவங்கதான். "அது என்னடா மாப்ள, மாடு முட்டுற மாதிரி"ன்னாரு. இந்த 61 நாள்ல அவர் வாயால "அது வேற வித்தை"ன்னு சொல்ல வைக்கணும்னு முடிவு பண்ணிருக்கேன்.

ஏப்ரல் 18, பெரிய வெள்ளி

கோயிலுக்குப் போனோம். பேக் பக்கமே போகல.

ஏப்ரல் 23, புதன்

துரான் லெனார்ட் முதல் சண்டைய 15 ரவுண்டும் மச்சானை உக்கார வச்சுக் காட்டுனேன். 1980 ஜூன் 20, மான்ட்ரியால். பனாமாக்காரர் ராபர்ட்டோ துரான் கீழ் எடையில, 61 கிலோ லைட்வெயிட்ல, பல வருசம் சாம்பியனா இருந்துட்டு மேல ஏறி வந்தவர், எதிர்ல சுகர் ரே லெனார்ட், அந்தக் காலத்துல அவர மாதிரி வேகமான கை யாருக்கு இருந்துச்சு சொல்லுங்க. துரான் அவர கயித்தோரமா தள்ளிக்கிட்டே போறாரு, போயி நெஞ்சுல தலைய வச்சு அங்கேயே குடியேறிட்டாரு. சும்மா பாத்தா கட்டிப்பிடிச்சு உருள்ற மாதிரிதான் இருக்கும்.

வேகத்த குறைச்சுப் போட்டுக் காட்டுனப்புறம்தான் மச்சான் குனிஞ்சு பாத்தாரு. துரானோட இடது கை அடிக்கவே இல்ல, லெனார்டோட வலது கை மடிப்புல போயி உக்காந்திருக்கு, அந்தக் கை கிளம்புறதுக்கு முன்னாடியே கிளம்பப் போகுதுன்னு இவருக்குத் தெரிஞ்சிருது. தோளால ஒரு சின்ன இடி, லெனார்ட் பாரம் குதிகாலுக்குப் போகுது, அந்த அரை நொடியில வலது கை விலாவுக்குள்ள இறங்குது, இறங்கின உடனே தலை அடுத்த பக்கம் மாறிருது. அடி அரை நொடிதான், அதுக்கு முன்னாடி நடக்குற இத்தனை வேலையையும் டிவியில பாக்குறவன் கவனிக்கிறதே இல்ல. மூணு நடுவரும் துரானுக்குத்தான் குடுத்தாங்க, ஆனா ரொம்பக் கொஞ்ச வித்தியாசத்துல.

மச்சான் ஒண்ணும் பேசல. அஞ்சு மாசம் கழிச்சு நியூ ஆர்லியன்ஸ்ல துரான் எட்டாவது ரவுண்டுல பாதியில திரும்பி நின்னுட்டாரே, அத மட்டும் ஞாபகப்படுத்தினாரு. உண்மைதான், அந்த நாள் எனக்கும் கஷ்டம்தான். அந்தச் சண்டையில லெனார்ட் உள்ள விடவே இல்ல, சுத்திக்கிட்டே இருந்தாரு. உள்ள போற வழி அடைபட்டா இந்த வித்தைக்காரனுக்கு என்ன ஆகும்னு அதுவும் காட்டுது.

ஏப்ரல் 29, செவ்வாய்

ஸ்பாரிங், அதாவது ஆளோட ஆள் நின்னு பழகுற சண்டை. என் தலைய மச்சான் நெஞ்சுல வச்சு நிக்கப் பழகுறேன். முட்டக் கூடாது, முட்டுனா ஃபவுல், நெத்திய சாய்ச்சு வைக்கணும் அவ்ளோதான். மொத நாளே தப்பு பண்ணிட்டேன், தரையப் பாத்துக்கிட்டு உள்ள போனேன், மச்சான் கீழ இருந்து மேல வர்ற குத்து, அப்பர்கட்ட தூக்கி விட்டாரு, உதடு கிழிஞ்சிருச்சு. கண்ணு அவர் நெஞ்சுக் குழியில இருக்கணும், தாடை உள்ள ஒதுங்கணும், முதுகு வளையக் கூடாது, முட்டிதான் வளையணும். அம்மா உதட்டப் பாத்துட்டு ராத்திரி சோறு போடும்போது ஒரு வார்த்தை பேசல, அதுதான் பயமா இருந்துச்சு.

மே 5, திங்கள்

காலையில ஜப்பான் சாம்பியன் இனோவே சண்டை. லாஸ் வேகாஸ்ல அவங்களுக்கு ஞாயிறு ராத்திரி, நமக்கு விடிஞ்சிருச்சு. ரெண்டாவது ரவுண்டுல ரமோன் கார்டெனாஸ் விட்ட லெஃப்ட் ஹூக்ல, பக்கவாட்டுல வளைச்சு வர்ற இடது குத்துல, இனோவே கீழ! வலைய போட்டுட்டு எந்திரிச்சு நின்னுட்டேன். அப்புறம் இனோவே எந்திரிச்சு வந்து ஏழாவதுல கார்டெனாஸ விழ வச்சு எட்டாவதுல முடிச்சாரு. மச்சானுக்கு இனோவே பிடிச்சுப் போச்சு, எல்லாத் தூரத்துலயும் ஆடத் தெரிஞ்சவர்ங்கிறாரு. அதுல எனக்குச் சண்டையில்ல.

மே 11, ஞாயிறு

கல்லூரியில இருக்கும்போது நான் போன ஒரு போட்டி ஞாபகம் வந்துச்சு. மூணு ரவுண்டு. உள்ள போயி ரெண்டு அடி போடுறதுக்குள்ள ரெஃப்ரி "பிரேக்" சொல்லிப் பிரிச்சு விட்டுட்டே இருந்தாரு, நான் யாரையும் பிடிக்கவே இல்ல, என் ரெண்டு கையும் வேலைதான் செஞ்சுக்கிட்டு இருந்துச்சு. திரும்ப வெளிய இருந்து ஆரம்பிக்கணும், நெட்டையன் ஜாப்ப மூணு வாங்கிட்டுத்தான் உள்ள வரணும். தோத்துட்டேன். தோத்தது போகட்டும், கிட்ட நிக்கிறதையே அசிங்கமான ஆட்டம்னு அன்னைக்குப் பேசினாங்க பாருங்க, அது இன்னும் வலிக்குது.

கட்டை குட்டையா பொறந்தவன் வேற எங்க போவான். நிகராகுவாவோட ரோமன் கொன்சாலஸ், சாக்லேட்டிட்டோன்னு கூப்பிடுவாங்க, 5 அடி 3 அங்குலம், நாலு எடைப் பிரிவுல சாம்பியன் ஆனவர். அவர் கிட்ட நின்னு அடிக்கும்போது கால பாருங்க, ஒவ்வொரு அடிக்கும் ஒரு குட்டி எட்டு வைப்பாரு, எதிராளிக்கு கை வீச இடமும் இருக்காது, விலகிப் போக வழியும் இருக்காது. ஜோ ஃப்ரேசியருக்கு சின்ன வயசுல கை அடிபட்டு இடது கை முழுசா நீளாது, அந்த வளைஞ்ச கையாலதான் 1971 மார்ச் 8 அன்னைக்கு பதினஞ்சாவது ரவுண்டுல அலிய மல்லாக்க விழ வச்சாரு. மச்சானுக்கு அலி உசிரு, அதனால இத மெதுவாதான் சொன்னேன்.

மே 20, செவ்வாய்

கச்சான் காத்து ஆரம்பிச்சிருச்சு, கண்ணெல்லாம் மண்ணு.

இன்னைக்கு என் இடது ஹூக் மச்சானோட வலது விலாவுக்குக் கீழ, ஈரக்குலையில சரியா இறங்கிருச்சு. பாதி வேகத்துலதான் போட்டேன். அடிச்ச உடனே அவருக்கு ஒண்ணும் ஆகல, சிரிச்சாரு கூட. ஒரு மூச்சு கழிச்சு முகம் மாறுச்சு, முட்டி தானா மடங்குச்சு, அப்படியே மண்ணுல உக்காந்துட்டாரு. தலையில வாங்குனா வைராக்கியத்துல நிக்கலாம், இதுல மனசு எந்திரின்னு சொல்லும் உடம்பு கேக்காது. தண்ணி குடுத்து முதுகத் தடவி விட்டேன், பாவமா போச்சு. அஞ்சு நிமிசம் கழிச்சு, "கை எங்கேர்ந்துடா வந்துச்சு, பாக்கவே இல்ல"ன்னாரு. பாக்க முடியாது மச்சான், நான் உங்க நாடிக்குக் கீழ நின்னேன்னு சொன்னேன்.

ஜூன் 1, ஞாயிறு

இதப் பத்தி நெறைய யோசிச்சேன். ராத்திரி கைத்தூண்டி போடும்போது கடல்ல ஒண்ணும் தெரியாது, நரம்பு ஆள்காட்டி விரல்ல கெடக்கும், மீனு இரைய மோந்து பாக்குதா கவ்விருச்சா, பாறையில மாட்டிருக்கா எல்லாம் விரல்தான் சொல்லும். நெஞ்சுல நெத்திய வச்சு நிக்கும்போது எனக்கு அப்படித்தான் இருக்கு. மச்சான் மூச்ச இழுக்குறது தெரியுது, எந்தக் கால்ல பாரம் இருக்குன்னு தெரியுது, வலது கை கிளம்பும்போது மொதல்ல இடுப்பு அசையும், அது என் நெத்திக்கு வந்து சேரும். ஒரு மாசம் பழகுனதுல பத்துல மூணு நாலு தடவைதான் சரியா பிடிபடுது. துரானுக்கு அது 15 ரவுண்டும் பிடிபட்டுச்சு.

ஜூன் 13, வெள்ளி

நாளைக்கு நள்ளிரவோட தடை முடியுது. பெயிண்ட் அடிச்ச போட்டெல்லாம் எறங்கிருச்சு, ஐஸ், டீசல், அரிசின்னு ஒரே ஓட்டம். போட்டு முதலாளி சம்மாட்டியார் காலையில இருந்து போன் பண்ணிட்டே இருக்காரு. எங்களுக்கு திங்கக்கிழமை கடலுக்குப் போற டோக்கன் கெடைக்கும்னு சொல்றாங்க. ஜூன் 16 துரானோட பொறந்தநாள், 1951ல பொறந்தவர்.

பேக்க அவுத்து மச்சான் வீட்டு மாடியில போட்டாச்சு. கடைசியா அவர் கேட்டது 1989 அட்லாண்டிக் சிட்டி சண்டை. துரானுக்கு 37 வயசு, எதிர்ல ஐரன் பார்க்லி 6 அடி 1 அங்குலம், துரான் 5 அடி 7. அந்த நெட்டையன் கைக்குள்ளேயே நின்னு தோளால உருட்டி உருட்டி அடியெல்லாம் வழுக்கி விட்டு, பதினோராவது ரவுண்டுல ஆளையே விழ வச்சு மிடில்வெயிட் பட்டத்த வாங்கிட்டுப் போனாரு. கடலுக்குள்ள போனா சிக்னல் இருக்காது, அதனால 12 ரவுண்டையும் மச்சான் போன்ல ஏத்திக் குடுத்திருக்கேன். மடி வலைய எறக்கிட்டு காத்திருக்கிற நேரத்துல பாக்கணுமாம், நான் பக்கத்துல உக்காந்து பதினோராவது ரவுண்ட மட்டும் மெதுவா ஓட்டிக் காட்டணுமாம்.