வரைபடத்தில் ‘சிற்றாலயம் இருந்த இடம்’ என்று இருந்தால் மட்டும் போதாது

இங்கிலாந்தில் ஒரு மேய்ச்சல் நிலத்தின் மூலை. புல்லுக்கடியில் கிடக்கும் அஸ்திவாரம் இடைக்காலச் சிற்றாலயம்தானா என்று பார்க்க எங்கள் ஊர் வரலாற்றுக் குழு இறங்கியது. வேலை முடிந்து, மாவட்டத் தொல்லியல் பதிவேட்டில் திருத்தமும் ஏறிவிட்டது. ஆனால் காகிதத்துக்காக அலைந்த எரிச்சல் இன்னும் அடங்கவில்லை.

முதல் வில்லங்கம் பதிவேட்டிலேயே இருந்தது. ‘சிற்றாலயமாக இருக்கலாம்’ என்ற ஒற்றை வரி. அதற்கு ஆதாரம் ஒரு பழைய ஊர் வரலாறு, அதற்கு ஆதாரம் பிரிட்டனின் அரசு நில அளவை நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் வரைபடத்தில், பழஞ்சின்னங்களுக்கென்று வழங்கும் கோதிக் எழுத்தில் இருந்த ஒரு குறிப்பு. அதற்கு மேல் எதுவுமில்லை. அன்றைய அளவையாளர்கள் ஊர்க்காரர்களிடம் கேட்டுத்தான் இப்படிப்பட்ட பெயர்களை எழுதினார்கள். யார் சொன்னது என்று குறித்த பெயர்ப் புத்தகங்களில் பெரும்பாலானவை 1940-ல் சவுத்தாம்ப்டன் குண்டுவீச்சில் அழிந்துபோயின. எனவே ஒரே வாய்மொழிச் செய்தி மூன்று இடத்தில் அச்சானதை மூன்று சான்றாக எண்ணாதீர்கள்.

அடுத்தது தசமபாக வரைபடம், அதாவது விளைச்சலில் பத்தில் ஒரு பங்கு என்று திருச்சபைக்குப் போன வரிக்காக வரைந்தது. 1836 சட்டத்தின்படி தயாரித்தது, ஒவ்வொரு வயலுக்கும் எண் உண்டு. வயலின் பெயர் தனிப் பட்டியலில் இருக்கும். ‘இருக்கிறது, வாருங்கள்’ என்று தொலைபேசியில் சொன்ன ஆவணக் காப்பகத்தில், போய் நின்றபோது பட்டியல் மட்டும்தான் இருந்தது. வரைபடம் செப்பனிடப் போயிருந்தது. பட்டியல் இல்லாமல் வரைபடமும் வரைபடம் இல்லாமல் பட்டியலும் பயன்படாது. ‘இரண்டும் இன்று பார்வைக்குக் கிடைக்குமா’ என்று எழுத்தில் கேட்டுப் பதில் வாங்காமல் கிளம்பாதீர்கள். மேசையில் இருந்தவர் சொல்லாத விஷயம் ஒன்று: பொதுவாக மூன்று பிரதிகள் உண்டு. ஊர்த் திருச்சபையான பங்குக்கு ஒன்று, பல பங்குகள் அடங்கிய மறைமாவட்டத்துக்கு ஒன்று, தசமபாக ஆணையர்களுக்கு ஒன்று. கடைசிப் பிரதி லண்டன் கியூவில் தேசிய ஆவணக் காப்பகத்தில், ஐ.ஆர். 29 (பட்டியல்), ஐ.ஆர். 30 (வரைபடம்) வரிசைகளில் இருக்கிறது.

எங்கள் வயலின் பெயர் ‘சேப்பல் ஃபீல்ட்’, அதாவது சிற்றாலய வயல். பெயர் கிடைத்ததும் மகிழ்ந்துவிட முடியாது. வேறெங்கோ இருந்த சிற்றாலயத்துக்கு வருமானம் தந்த நிலமாக இருக்கலாம். 18, 19-ஆம் நூற்றாண்டில் மெதடிஸ்டுகள் என்ற புராட்டஸ்டன்ட் பிரிவினர் கூடிய இடமாகவும் இருக்கலாம்.

திருச்சபைக் கணக்குகளில் 1291 வரிமதிப்பீடு, 1535 மதிப்பீடு, சிற்றாலயச் சொத்துகளைக் கணக்கெடுத்த 1546, 1548 சான்றிதழ்கள் ஆகியவற்றைப் பாருங்கள். தாய்க்கோயிலின் கணக்கோடு சேர்ந்துவிட்ட துணை ஆலயங்கள் இவற்றில் தனியாக வராமல் போவது சகஜம். பெயர் இல்லை என்பதற்காக ஆலயமே இல்லை என்று ஆகாது.

விமானத்திலிருந்து லேசர் ஒளியால் நிலத்தின் மேடுபள்ளத்தை அளந்த லைடார் தரவு இலவசம், இறக்குவது எளிது. திரையில் நிழல் காட்டும் ஒளி வரும் திசையை மட்டும் மாற்றி மாற்றிப் பாருங்கள். கிழக்கு மேற்காக ஓடும் சுவர், அதே திசையில் ஒளி விழுந்தால் தெரியாது. ஒரு மீட்டர் தரவில் எங்களுக்குத் தெரிந்தது ஒரு மேடை மட்டுமே.

மண்ணுக்கடியில் இருப்பதை அளக்கும் கருவியை வயலில் இறக்குவதற்கு முன், இடம் பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னப் பட்டியலில் உள்ளதா என்று பாருங்கள். இருந்தால், தோண்டாமல் அளப்பதற்கும் 1979-ஆம் ஆண்டு தொல்சின்னச் சட்டத்தின் 42-ஆம் பிரிவில் உரிமம் வாங்க வேண்டும். நிலத்துக்காரரின் சம்மதம் அதற்கு மாற்று ஆகாது.

சுண்ணாம்புக்கல் சுவருக்கு, முனைகளை மண்ணில் ஊன்றி மின்சாரத்தை மண் எவ்வளவு தடுக்கிறது என்று பார்க்கும் மின்தடை அளவீடே நல்லது. காந்த அளவீட்டில் அது பல நேரம் மண்ணோடு மண்ணாகிவிடும், கம்பி வேலி வேறு குழப்பும். நகரும் முனைகளின் இடைவெளி அரை மீட்டர் என்றால், நிலையான முனைகளைக் குறைந்தது 15 மீட்டர் தள்ளி ஊன்ற வேண்டும். அளவைப் புள்ளிகளையும் அரை மீட்டருக்கு ஒன்றாக வையுங்கள். ‘ஒரு மீட்டர் போதும், சீக்கிரம் முடியும்’ என்பார்கள். 90 சென்டிமீட்டர் சுவர் அதில் விட்டுவிட்டுத்தான் தெரியும். கல்லைப் பெயர்த்துக்கொண்டு போன பள்ளத்தில் மண் நிரம்பியிருந்தால் தடை குறைவாக வரும். சுவர்க்கோடு நடுவில் திடீரென்று தலைகீழாவது அதனால்தான்.

எங்களுக்குக் கிடைத்த வடிவம்: மேற்கே 9 × 5.5 மீட்டர், அதை ஒட்டிக் கிழக்கே அதைவிடக் குறுகலான 4.5 × 4 மீட்டர். மக்கள் கூடும் பகுதியும் பீடப்பகுதியும் இப்படித்தான் அமையும். அந்தக் குறுகல் திரையில் தெளிந்தபோது பட்ட பாடெல்லாம் தகும் என்று தோன்றியது. வெறும் செவ்வகமாக இருந்திருந்தால், சிற்றாலயமா களஞ்சியமா என்ற சண்டை தீர்ந்திருக்காது. அப்போது வாசலைப் பார்க்க வேண்டும். களஞ்சியத்தில் போரடிக்கும் தளத்தின் இருபுறமும் நீளச் சுவர்களின் நடுவில் எதிரெதிராகப் பெரிய வாசல் இருக்கும். சிற்றாலயத்தில் வாசல்கள் மேற்குக் கோடியை ஒட்டியே வரும்.

பக்கத்துப் பண்ணைச் சுவரில் பதிந்திருந்த செதுக்கிய ஜன்னல் கல்லை நாங்கள் சான்றாகச் சேர்க்கவில்லை. விக்டோரியா காலத்தில் பங்குக்கோயில்களைப் புதுப்பித்தபோது கழித்த கற்களை விவசாயிகள் எடுத்துப்போனதுண்டு. அகழெலி தள்ளிய மண்ணில் கிடந்த சுண்ணாம்புச் சாந்தையும் மெருகிட்ட தரை ஓட்டுத் துண்டுகளையும், இடம் குறித்துச் சேர்த்தோம். எலும்பு கண்ணில் பட்டால் கை வைக்காமல் காவல்துறைக்குச் சொல்லுங்கள்.

படிவத்தில் எங்கும் கேட்காமலே, இடத்தை ஒரு மீட்டர் வரை துல்லியமாகச் சுட்டும் பத்து இலக்க வரைபடக் கட்ட எண் இல்லையென்று அறிக்கையைத் திருப்பி அனுப்புவார்கள். ஒவ்வொரு மூலைக்கும் அதை முதலிலேயே கொடுத்துவிடுங்கள். பதிவேட்டில் ‘இருக்கலாம்’ என்பது எங்களுக்கு ‘பெரும்பாலும்’ என்று மாறியது. அகழாய்வு இல்லாமல் அதற்கு மேல் கேட்பது நியாயமில்லை. பதிவு ஏறிய கையோடு நிலத்துக்காரரிடம் பேசி, மாட்டுத் தீவனத் தொட்டியை அந்த மூலையிலிருந்து நகர்த்தச் சொல்லுங்கள். குளம்பு மிதித்துச் சேறாகும் இடத்தில்தான் மேல்வரிசைக் கற்கள் முதலில் பெயரும்.