கடைவாயில் கை வைக்கும் உரிமை

மேலூர்ப் பக்கம் அரசு கால்நடை மருந்தகத்தில் நான் பணியாற்றியபோது வாசலில் நின்றவை பெரும்பாலும் மாடுகளும் ஆடுகளும்தான். ஒருநாள் காலை, பந்தய வண்டியில் பூட்டும் மட்டக்குதிரை ஒன்று வந்தது. "மெல்லுகிறது, ஆனால் விழுங்க மாட்டேன் என்கிறது, டாக்டர்" என்று உரிமையாளர் ஒரு பொட்டலத்தைப் பிரித்தார். உள்ளே பாதி மென்ற புல், எலுமிச்சங்காய் அளவு உருண்டைகளாக, எச்சில் ஈரத்தோடு.

குதிரையின் கடைவாய்ப் பல் தேயத் தேய, ஆண்டுக்கு 2 முதல் 3 மில்லிமீட்டர் வரை ஈறிலிருந்து வெளியே வந்துகொண்டே இருக்கும். மேல்தாடை கீழ்த்தாடையைவிட அகலம். அதனால் மேல்வரிசையில் கன்னத்துப் பக்கமும் கீழ்வரிசையில் நாக்குப் பக்கமும் சரியாகத் தேயாமல் கூராகிவிடும். டார்ச் அடித்துப் பார்த்தேன். கன்னத்தின் உட்புறம் இரண்டு பழைய கீறல்கள். ஈறில் மட்டும் புதுக்காயம், சதை பிய்ந்திருந்தது.

லாடம் கட்டும் பெரியவர் குளம்பு தேய்க்கும் அரத்தையே வாய்க்குள் விட்டிருக்கிறார். கூடவே வந்திருந்த அவர் வேப்பமரத்தடியில் நின்றார். "கூர் மழுக்கினேன், அவ்வளவுதான் ஐயா. இதற்குமா சட்டம்?" என்றார்.

இருக்கிறது. 1984-ஆம் ஆண்டின் இந்திய கால்நடை மருத்துவ கவுன்சில் சட்டம், பிரிவு 30. பதிவு பெற்ற மருத்துவரைத் தவிர வேறு எவரும் கால்நடை மருத்துவம் செய்யக் கூடாது. உரிய சான்றிதழ் பெற்ற உதவியாளர்களை மட்டும், மருத்துவரின் மேற்பார்வையில் சிறு சிகிச்சைகள் செய்ய மாநில அரசு அனுமதிக்கலாம். தடுப்பூசி, காயடிப்பு, புண்ணுக்குக் கட்டுப் போடுதல் ஆகியவற்றைச் சட்டமே பெயர் சொல்கிறது. மற்றவற்றை அரசு அறிவிக்கையில் சேர்க்கலாம்.

அந்த ஈறைப் பார்த்த கோபத்தில் இதைச் சற்றுக் கடுமையாகவே சொன்னேன். ஆனால் சொன்ன எனக்குப் படிப்புக் காலத்தில் குதிரையின் வாய்க்குள் கை விட்ட அனுபவம் இரண்டே முறை. உரிமை என்னிடம் இருந்தது. பழகிய கை அவரிடம் இருந்தது. நான் தயங்கி நின்றபோது அவர் குதிரையின் நெற்றியைத் தடவி, நாக்கைப் பக்கவாட்டில் மெல்ல இழுத்துப் பிடித்தார். அது வாயைத் திறந்து நின்றது.

மயக்க ஊசியும் பல் பிடுங்குவதும் மருத்துவருக்கு மட்டுமே உரியவை. இதில் எனக்கு இரண்டாவது எண்ணம் இல்லை. அளவு தவறினால் குதிரை தரையில் கிடக்கும். ஆனால் கையால் அரம் தேய்ப்பதைப் பயிற்சி பெற்றவர்களுக்கு மேற்பார்வையோடு திறந்துவிட வேண்டும். பிரிட்டனில் சாதாரணமாகக் கூர் மழுக்குவதை மருத்துவர் அல்லாதவரும் செய்யலாம். மயக்க மருந்து என்றால் மருத்துவர் வர வேண்டும். இங்கே தடுத்தால் மட்டும் போதாது, பழக்கியும் விட வேண்டும். மருத்துவர் எட்டாத ஊரில் வலியோடு நிற்கும் குதிரை அரம் வைத்திருப்பவரிடம்தான் போய்ச் சேரும்.

காயம் ஆற விட்டு, மதுரையிலிருந்து நீளப்பிடி அரமும் வாயைத் திறந்து நிறுத்தும் கருவியும் வரவழைத்தேன். ஊசி போட்டு நான் தேய்த்தேன். தலையைத் தாங்கிப் பிடித்தவர் அவர். அதன் பிறகு இரண்டு ஆண்டுகள், எந்தக் குதிரை புல்லைத் துப்பினாலும் முதலில் எனக்குத்தான் சொல்லி அனுப்பினார். அவருடைய அரம் குளம்போடு நின்றது.