ரணகள்ளியும் என் நாக்கும்

மே 4, ஞாயிறு

கத்திரி இன்றுதான் தொடக்கம். பதினொரு மணிக்கே மொட்டைமாடித் துளசி துவண்டுவிட்டது. உடைந்த வாளியில் கிடக்கும் ரணகள்ளிக்கு மட்டும் ஒன்றுமே ஆகவில்லை. அதற்குத் தண்ணீர் ஊற்றி நாலு நாளாகிறது. கட்டிப்போட்டால் குட்டிபோடும் என்பார்களே, அந்தச் செடிதான்.

பதினொன்றாவது முடித்த மகள் லீவிலும் தாவரவியலோடுதான் உட்கார்ந்திருக்கிறாள். "அம்மா, இந்தக் குடும்பத்துச் செடி பலதும் ராத்திரிலதான் இலைத்துளையத் திறக்கும். காலைல இலை புளிக்குமாம்." புளிக்குமாம்! செடி தலைக்கு மேலேயே இருக்கிறது, மனப்பாடம் எதற்கு?

மே 5, திங்கள்

காலை 5.45. இன்னும் விடியவில்லை. சதைப்பற்றான இலையில் ஒரு நகக்கண் அளவு கிள்ளி நாக்கில் வைத்தேன். புளிச்சக்கீரையைப் பச்சையாகக் கடித்தது போல் பல் கூசியது. உடனே துப்பிக் கொப்பளித்தேன். (விழுங்கக் கூடாது. இதன் இனத்துச் செடிகளை மேய்ந்து ஆஸ்திரேலியாவில் மாடுகள் செத்திருக்கின்றன.)

மதியம் 12.30: சப்பென்று இருந்தது, வெள்ளரித்தோல் மாதிரி.

மாலை 6: லேசான கசப்பு. புளிப்பு மருந்துக்கும் இல்லை.

மே 6, செவ்வாய்

நாக்கை நம்பமாட்டாள் மகள். மீன்தொட்டிக் கடையில் பிஎச் தாள் (புளிப்பை அளக்கும் தாள், எண் குறைந்தால் புளிப்பு அதிகம்) வாங்கி வந்தாள். இலையைக் கசக்கி ஒற்றினால் காலையில் 4, சாயங்காலம் 5-க்கும் 6-க்கும் நடுவில். பக்கத்துத் தொட்டிச் செம்பருத்தி இலையில் இரண்டு வேளையும் ஒரே நிறம்.

சமைத்துக்கொண்டே பேசினோம். வெளிச்சம் வேதி ஆற்றலாவது இலைச் செல்லின் பச்சைப் பையான பசுங்கணிகத்துக்குள், தைலக்காய்டு என்ற அதன் உள்சவ்வில். பச்சையம் ஒளியை வாங்குகிறது, தண்ணீர் உடைகிறது, ஆக்சிஜன் வெளியேறுகிறது. தண்ணீரிலிருந்து கழன்ற எலக்ட்ரான்கள் கைமாறிக் கைமாறிப் போகிற வழியில் ஏடிபி, என்ஏடிபிஎச் என்று ஆற்றலைச் சுமக்கும் இரண்டு மூலக்கூறுகள் உண்டாகின்றன. இவை கத்திரி வெயிலில் அரைத்த மாவு போல. எடுத்துவைக்க முடியாது, அப்போதைக்கப்போதே செலவாக வேண்டும். ஒரு கார்பன் டை ஆக்சைடு மூலக்கூறைச் சர்க்கரை செய்யும் வேதிப்பாதையில் சேர்க்க 3 ஏடிபி, 2 என்ஏடிபிஎச் போகிறது.

சிக்கல் என்னவென்றால், வெளிச்சம் இருக்கும் நேரம்தான் வெயிலும் இருக்கும் நேரம். காற்றுக்காக இலைத்துளையைத் திறந்தால் தண்ணீர் போய்விடும். ரணகள்ளி அதனால் காற்றை மட்டும் ஊறுகாய் போட்டுக்கொள்கிறது. இரவில் உள்ளே வரும் கார்பன் டை ஆக்சைடை மாலிக் அமிலமாக்கி, செல்லின் நடுவிலிருக்கும் நுண்குமிழி என்ற சேமிப்புப் பையில் அடைத்துவிடுகிறது. அந்த அமிலம்தான் நேற்று என் பல்லைக் கூசவைத்தது. விடிந்ததும் கதவைச் சாத்திக்கொண்டு, அமிலத்தை உடைத்து, வெளிவரும் கார்பன் டை ஆக்சைடை, சர்க்கரைப் பாதையின் நொதியான ரூபிஸ்கோ கையில் கொடுக்கிறது. "அப்ப மதியம் சப்புன்னு இருந்தா, ஊறுகாய் ஜாடி காலின்னு அர்த்தம்," என்றாள்.

மே 7, புதன்

இலையைக் கடித்துப் பார்த்தவள் நான் முதல் ஆள் இல்லை. பெஞ்சமின் ஹெய்ன் என்ற ஜெர்மானியர் தரங்கம்பாடிக்கு மிஷனரியாக வந்து, பிறகு கிழக்கிந்தியக் கம்பெனிக்குத் தாவரவியலாளராகி, 1819-ல் சென்னையிலேயே இறந்தவர். இதே செடியின் இலை காலையில் புளிப்பு, நண்பகலில் சுவையில்லை, மாலையில் கசப்பு என்று ஒரு கடிதத்தில் எழுதினார். அந்தக் கடிதம் லண்டனின் லின்னேயன் சங்கம் என்ற இயற்கை அறிவியல் சங்கத்தின் வெளியீட்டில் 1815-ல் அச்சாயிற்று. அமெரிக்க விஞ்ஞானிகள் கால்வினும் பென்சனும் கதிரியக்கக் கார்பன்-14 வைத்துச் சர்க்கரைப் பாதையைத் தேடிப் பிடித்ததற்கு நூறு வருஷத்துக்கு மேல் முந்தி! அவரிடம் பிஎச் தாள்கூட இல்லை.

மே 8, வியாழன்

வெளிச்சம் இல்லாவிட்டால் ஜாடி காலியாகுமா? விடியுமுன் இரண்டு இலைக்கு அலுமினியத்தாள் சுற்றினேன். பத்து மணிக்குப் போனால் காக்கை இரண்டையும் உருவிக்கொண்டு போயிருந்தது. பளபளப்பாக எதை வைத்தாலும் இதே கதைதான். நாள் வீண்.

மே 9, வெள்ளி

கறுப்புத் துணி, துணிக்கிளிப். மதியம் திறந்தேன். மூடாத இலை சப்பு. மூடியது புளித்தது. விடிகாலைக் கூச்சம் அளவுக்கு இல்லை, ஆனால் ஐயமில்லாத புளிப்பு. தாளும் அதையே சொன்னது. உள்ளே சரக்கு இருந்தும், செலவழிக்க வெளிச்சம் வரவில்லை.

மே 11, ஞாயிறு

மகளின் தாளில் அடுத்த பட்டியல்: அன்னாசி, சப்பாத்திக்கள்ளி. இரண்டும் இதே வழிக்காரர்கள். அன்னாசிச் செடிக்கு எங்கே போவது? சப்பாத்திக்கள்ளி கண்மாய்க்கரையில் வேண்டிய அளவு கிடக்கிறது. அதை யார் கடிப்பது என்றுதான் இன்னும் பேச்சு முடியவில்லை. முள்ளைக் காட்டி நான் தாளே போதும் என்கிறேன். ஹெய்ன் கடித்தாரே என்கிறாள் அவள்.