தொட்டியில் கோஜிக் கீரை, கோப்பையில் கோஜி டீ

சிங்கப்பூர் ஈரச்சந்தைகளில், சிவப்புப் பழம் தரும் சீனச் செடியான கோஜியின் கீரையைக் குச்சியோடுதான் கட்டாக விற்பார்கள். இலையை உருவிச் சூப்பில் போட்டபின் குச்சி குப்பைக்குப் போகும். நான் அதைச் சாணளவு நறுக்கி, ஈர மண்ணில் செருகி, நிழலில் வைத்தேன். சில வாரங்களில் கணுவுக்குக் கணு துளிர் விட்டது. முள் உண்டு. தூதுவளையைப் போல இதுவும் கத்தரிக் குடும்பம்தான்.

பழம் மட்டும் வரக் காணோம். பேர்போன பழம் விளைவது வட சீனாவின் நிங்சியாவில். அங்கே கடும் குளிர்காலம், வறண்ட காற்று. இந்தப் புழுக்கத்தில் இலை கிடைப்பதே லாபம் என்று விட்டுவிட்டேன்.

அதனால் டீக்குக் கடையில் வாங்கிய உலர்பழம். கண்ணைப் பறிக்கும் சிவப்பும் மூக்கில் ஏறும் நெடியும் இருந்தால் வாங்குவதில்லை. கந்தகப் புகை போட்டிருக்கலாம். அது ஆஸ்துமாக்காரர்களுக்கு ஆகாது. சீன அரசின் மருந்துத் தரநூல் சொல்லும் அளவு நாளுக்கு 6 முதல் 12 கிராம். சமையலறைத் தராசில் 10 கிராம் நிறுத்து, கழுவி, 5 கிராம் உலர்ந்த செவ்வந்தியோடு அரை லிட்டர் கொதிநீரில் போட்டு மூடினேன். பத்து நிமிடத்தில் பழம் உப்பி, தண்ணீர் வெளிர்மஞ்சளானது. லேசான இனிப்பு, சர்க்கரை தேவையில்லை. பழத்தின் நிறத்துக்குக் காரணமான சியாசாந்தின் தண்ணீரில் கரையாது, கொழுப்பில்தான் கரையும். ஆகவே அடியில் தங்கும் பழத்தையும் மென்று தின்றுவிடுவேன்.

சீன மருத்துவத்தில் இதைக் கண்ணுக்கும் கல்லீரலுக்கும் சிறுநீரகத்துக்கும் நல்லது என்பார்கள். என் கண்ணுக்கு? அதே கண்ணாடிதான். மத்தியானத்தில் காப்பி குறைந்தது, அந்த மட்டில் லாபம்.

அத்தை ஒருநாள், "எனக்கும் ஒரு டம்ளர் ஊத்தேன்மா" என்றார். இதய வால்வு மாற்றியதிலிருந்து, ரத்தம் கட்டாமல் இருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறவர் அவர். கொடுக்கவில்லை. "கேசரியில போடுற திராட்சை மாதிரி இருக்கு, இது என்ன செய்யும்?" என்று கோபம். செய்யும். வார்ஃபரினோடு கோஜி டீயோ சாறோ குடித்தவர்களுக்கு ஐ.என்.ஆர். (ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் பரிசோதனை அளவு) எக்கச்சக்கமாக ஏறி, சிலருக்கு ரத்தக்கசிவு வரை போனது மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறது. ஐ.என்.ஆர். ஏறினால் ரத்தம் உறையத் தாமதமாகும். மூக்கில் வந்தாலும் வயிற்றுக்குள் கசிந்தாலும் எளிதில் நிற்காது. மாத்திரையின் அளவை அவ்வளவு நுணுக்கமாகச் சரிப்படுத்தி வைத்திருக்கும்போது நடுவில் இதை நுழைக்கக் கூடாது. சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்களும் மருத்துவரைக் கேட்டுவிட்டுக் குடிப்பது நல்லது. செவ்வந்தி, சூரியகாந்தி வகைப் பூக்கள் ஒத்துக்கொள்ளாதவர்கள் அந்தப் பூவைத் தவிர்த்துவிடலாம்.

இப்போது செடியில் மாவுப்பூச்சி வந்திருக்கிறது. வேப்பெண்ணெய் தெளித்திருக்கிறேன். அது அடங்கிய பிறகு இலை பறித்து முட்டைப் பொரியல் செய்து பார்க்க வேண்டும்.