பத்திரிகையில் இருந்தது, பாலிசியில் இல்லை

மண்டபம் முதல் ராமேஸ்வரம் வரை பதினைந்து வருடமாகப் பொதுக் காப்பீட்டு முகவராக அலைகிறேன். படகு, பைக், கடை எல்லாவற்றுக்கும் பாலிசி எழுதியாயிற்று. வாய் கூசுவது கல்யாண இன்சூரன்ஸுக்கு மட்டும்தான். பந்தக்கால் நடப்போகும் வீட்டில் உட்கார்ந்து, "ஒருவேளை கல்யாணம் நின்னுபோச்சுன்னா..." என்று எப்படி ஆரம்பிப்பது?

தங்கச்சிமடத்தில் ஒரு மீனவர் வீடு. கடைசிப் பெண்ணின் கல்யாணம், 2024 நவம்பர் 21. பெண்ணின் அம்மா, "நல்ல காரியம் நடக்குற வீட்ல இந்தப் பேச்சு எதுக்கு சார்?" என்று எழுந்துவிட்டார். மூலையில் வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த பாட்டி விடவில்லை. 1964 டிசம்பர் புயலுக்குப் பிறகு தனுஷ்கோடியிலிருந்து கட்டிய துணியோடு வந்தவர். "காத்து என்ன சொல்லிட்டா வருது? நீ எழுதிக்கிட்டுப் போ தம்பி" என்றார். எழுதிக்கொண்டு வந்தேன். பிரீமியம், மேளக்காரருக்குப் பேசியதைவிடக் குறைவு.

கல்யாணத்துக்கு முதல் நாள் மழை வெளுத்து வாங்கியது. ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 44 செ.மீ., தங்கச்சிமடத்தில் 34 செ.மீ. என்று மறுநாள் கணக்குச் சொன்னார்கள். மறுநாள் காலை பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பெண் கோயிலுக்குப் போனாள். பூசை நடந்தது, மோதிரம் மாற்றினார்கள். சாயங்காலம் வரவேற்பு நடக்க வேண்டிய மண்டபத்தில் முழங்கால் தண்ணீர். சமையல்கட்டில் அரிசி மூட்டைகள் ஊறிக் கிடந்தன. விருந்தை ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளி, வீட்டு வாசலில் சாமியானா போட்டு நடத்தினார்கள்.

இயற்கைச் சீற்றத்தால் கல்யாணம் ரத்தானாலோ தள்ளிப்போனாலோ, செலவழித்த பணம் கிடைக்கும் என்றுதான் நான் சொல்லி விற்றிருந்தேன். நஷ்டத்தை மதிப்பிடக் கம்பெனி அனுப்பும் சர்வேயர் வந்தார். பேசவே இல்லை, எந்த நிகழ்ச்சிக்கு, எங்கே என்று பாலிசியில் எழுதியிருக்கும் விவரப் பக்கத்தை, அதாவது ஷெட்யூலை, என் பக்கம் திருப்பி விரலை வைத்தார். நிகழ்ச்சி: திருமணம். இடம்: தேவாலயம். என் கையெழுத்துதான். அந்தத் திருமணம் அதே தேதியில், அதே இடத்தில் நடந்துவிட்டதே! வரவேற்பு என்று ஒரு வரி, மண்டபத்தின் பெயர் ஒரு வரி, இரண்டும் அதில் இல்லை. கல்யாணம் என்றால் எல்லாமும்தான் என்று நினைத்து எழுதினேன். நம் ஊரில் யாரைக் கேட்டாலும் அப்படித்தான் சொல்வார்கள். பாலிசி அப்படிச் சொல்லாது.

சரி, எழுதியிருந்தால் மட்டும் முழுதாகக் கிடைத்திருக்குமா? பிரியாணி மாஸ்டருக்கு நாற்பதாயிரம் அட்வான்ஸ், வெற்றிலை பாக்கோடு தட்டில் வைத்துக் கொடுத்தது. பந்தல்காரருக்கும் அப்படியே. ரசீது கேட்டால் "என்னை நம்பலையா?" என்று மாஸ்டர் கரண்டியைக் கீழே போட்டுவிடுவார். ஆக மொத்தம் காகிதம் என்று இருந்தது மண்டபத்து ரசீது ஒன்றுதான். இப்போதெல்லாம் நான் சொல்வது இதுதான்: ரசீது வேண்டாம், அட்வான்ஸை ஜிபேயில் அனுப்புங்கள். யாருக்கும் மனக்கசப்பு இல்லை, தேதியோடு பதிவும் இருக்கும்.

அப்புறம், பத்திரிகை. அச்சடித்த கல்யாணப் பத்திரிகையைக் கையில் வாங்காமல் இப்போது நான் படிவத்தைத் திறப்பதே இல்லை. பென்சிலால் ஒவ்வொரு நிகழ்ச்சியையும் சுழித்து, நாள், நேரம், இடம் மூன்றையும் அப்படியே ஏற்றுகிறேன். கீழக்கரையில் ஒரு காக்கா (அங்கே அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவார்கள்), நிக்காஹ் பள்ளிவாசலில், விருந்து மறுநாள் வேறு இடத்தில் என்றார். இரண்டையும் தனித்தனியாக எழுதியபோது, "பத்திரிகையையே காப்பி அடிக்கிறீங்களே தம்பி" என்று சிரித்தார். அதேதான் காக்கா என்றேன்.

ஆட்கள் என்னிடம் முதலில் கேட்பது நகையைப் பற்றித்தான். நகைக்கும் கவர் உண்டு. ஆனால் மணமகள் அறையைத் திறந்து போட்டுவிட்டு எல்லோரும் போட்டோ எடுக்கப் போனால் அது செல்லாது. மாப்பிள்ளை மனம் மாறினாலோ சம்பந்திகள் சண்டை போட்டு நிறுத்தினாலோ ஒன்றும் வராது. பழைய பாம்பன் பாலத்தில் 2022 வரை ரயில் ஓடிய காலத்தில், காற்று மணிக்கு 58 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டினால் ரயிலை நிறுத்திவிடுவார்கள். அப்படி ரயில் நின்று விருந்தாளிகள் வராமல் போவதும் நான் விற்கும் பாலிசியில் சேராது. இவற்றையெல்லாம் கேட்ட பிறகும் வேண்டும் என்பவருக்குத்தான் எழுதுகிறேன். விற்பனை குறைந்தது உண்மைதான்.

இன்னொரு கூட்டம் உண்டு. பாம்பன் துறைமுகத்தில் மூன்றாம் எண் கூண்டு ஏற்றியதும் போன் அடிப்பார்கள். "சார், அந்தக் கல்யாண இன்சூரன்ஸ் சொன்னீங்களே..." வாசலுக்கு வந்துவிட்ட புயலுக்கு எந்தக் கம்பெனி பாலிசி கொடுக்கும்? தாலி செய்யக் கொடுக்கும் அன்றே என்னையும் கூப்பிடுங்கள் என்று சொல்லி வைக்கிறேன்.

தங்கச்சிமடத்து வீட்டுக்குப் பணம் வராது என்று கடிதம் வந்த அன்று நானே நேரில் போனேன். தபாலில் தெரிந்துகொள்ள விட மனசு வரவில்லை. பெண்ணின் அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை, உள்ளே போய்விட்டார். பாட்டிதான் செம்பில் தண்ணீர் கொடுத்தார். தப்பு என்னுடையது என்றேன். பாட்டி வெற்றிலையை இடித்துக்கொண்டே, "பெரிய பேரனுக்குத் தை மாசம் பேசிக்கிட்டு இருக்கோம். மண்டபத்து பேரையும் சேர்த்து எழுது" என்றார்.